மதுரையில் எழுதிய மருந்து, கடலோரத்தில் கிடைக்க: சிக்கலான மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இது நம்மகிட்ட வராதுங்க, மதுரையில கேட்டுப் பாருங்க." ராமநாதபுரம் கடற்கரையில் மருந்துக்கடை படியேறும் சிலருக்கு மாதம் தவறாமல் கிடைக்கும் பதில் இது. சிறுநீரகம் மாற்றி வைத்தவர், புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர், முடக்குவாதத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போடுபவர், ரத்தம் உறையாத நோய் உள்ள பிள்ளை, இதய வால்வு மாற்றியவர், மனநோய்க்கு க்ளோசபின் எடுப்பவர் என்று அந்தச் சிலரின் பட்டியல் வருடாவருடம் நீண்டுகொண்டுதான் போகிறது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் மருந்தாளுநராக நிற்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். டாக்டர் சொன்னதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்ததற்கும் உடம்புக்குள் மருந்து போவதற்கும் இடையில் நடக்கும் காரியங்களைப் பற்றியதுதான் இது.

வெளிநாடுகளில் இந்த வகை மருந்துகளுக்கென்றே தனி மருந்தகங்கள் இருக்கின்றன. மருந்தை வரவழைப்பது, குளிரில் அனுப்புவது, காப்பீட்டுக்காரர்களிடம் பேசுவது, ரத்தப் பரிசோதனை தேதியை நினைவூட்டுவது, பக்கவிளைவு விசாரிப்பது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். நம் நாட்டில் அப்படித் தனி உரிமம் எதுவும் கிடையாது. தெருமுனைக் கடைக்கும் பெரிய மருத்துவமனைக் கடைக்கும் ஒரே வகைச் சில்லறை உரிமம்தான். ஆகவே அந்த வேலைகள் டாக்டர், ஸ்டாக்கிஸ்ட் எனும் மொத்த வியாபாரி, கடைக்காரர், பஸ் டிரைவர், காப்பீட்டு அலுவலர், வீட்டுப் பிரிட்ஜ் என்று சிதறிக் கிடக்கின்றன. அதையெல்லாம் கோர்க்கும் ஆள் உங்கள் குடும்பத்தில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவர் யார் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். நோயாளியே அந்த வேலையையும் சுமக்க வேண்டாம். பள்ளிக்கூடம் முடித்த மகளோ, கணக்கு வழக்குத் தெரிந்த மருமகனோ போதும்.

படி 1: மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

மதுரையிலோ சென்னையிலோ டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் எல்லாருக்கும் ஊர் வந்து சேரும் அவசரம். மாட்டுத்தாவணியில் பஸ் பிடிக்க வேண்டும், வீட்டில் பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள். சிக்கல் ஆரம்பிப்பதும் அந்த அவசரத்தில்தான். பஸ்ஸை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டுக்கொண்டு கீழே உள்ளவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

மருந்தின் பிராண்டு பெயரோடு மூலப்பெயரும் (உள்ளே இருக்கும் மருந்துப்பொருளின் பெயர்) வேண்டும். நம் ஊர்க் கடையில் அந்த பிராண்டு இல்லாவிட்டாலும் மூலப்பெயரை வைத்துத் தேட முடியும். அதே சமயம் "பிராண்டு மாற்றலாமா, கூடாதா?" என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாத்திரைகளில் மாற்றினால் பாதகமில்லை. டாக்ரோலிமஸ் போன்ற, மாற்று உறுப்பைக் காக்கும் மருந்தில் டாக்டருக்குச் சொல்லாமல் பிராண்டு மாற்றக் கூடாது. ரத்தத்தில் அளவு கொஞ்சம் குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும், கொஞ்சம் கூடினால் சிறுநீரகத்துக்கே கேடு.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை எழுத்தாலும் எண்ணாலும் எழுதச் சொல்லுங்கள். மீதோட்ரெக்சேட் மாத்திரையைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் சில நாட்களிலேயே வாய் முழுக்கப் புண், ரத்த அணுக்கள் சரிவு, உயிருக்கே ஆபத்து. சீட்டில் "வாரம் 1" என்று கிறுக்கியிருப்பதை யாராவது "தினம் 1" என்று படித்துவிட்டால் முடிந்தது கதை. அதனால் கிழமையையே எழுத வையுங்கள்: "ஞாயிறு மட்டும்." கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் எந்தக் கிழமை என்பதையும் சேர்த்து.

அப்புறம் மூன்று கேள்விகள். ஒரு வேளை தவறினால் என்ன செய்ய? எந்த ரத்தப் பரிசோதனை, எத்தனை நாளுக்கு ஒரு முறை? ராத்திரியில் பிரச்சினை வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது? இதற்குப் பதில் இல்லாத டிஸ்சார்ஜ் சம்மரி அரைகுறை சம்மரி.

படி 2: ஒரு பக்கக் காகிதம்

நோயின் பெயர், மருந்துகள் அத்தனையும், அளவு, நேரம், ஒவ்வாமை, எடை, ரத்த வகை, பெரிய டாக்டரின் மருத்துவமனை, வீட்டு ஆளின் எண். ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து நாலு நகல் எடுங்கள். ஒன்று நோயாளியின் பையில், ஒன்று பிரிட்ஜ் கதவில், ஒன்று மருந்துக்கடையில், ஒன்று படகில் போகிறவரென்றால் நீர் புகாத உறையில். செல்போனில் படமாகவும் இருக்கட்டும்.

மீனவக் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் அடைபடுவது இந்தக் கரையில் யாருக்கும் எந்த நாளும் நடக்கலாம். அப்படி நடந்தால், உள்ளே இருப்பவர் என்ன மருந்து எடுக்கிறார் என்று மீன்வளத் துறை அலுவலகத்திலும் சங்கத்திலும் சொல்ல வீட்டில் ஒரு தாள் தயாராக இருப்பது பெரிய உதவி. "ஏதோ வெள்ளை மாத்திரைங்க" என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

படி 3: கடையைத் தேர்ந்தெடுப்பது

எல்லாக் கடைக்கும் போக வேண்டாம். ஒரே கடையைப் பிடியுங்கள். உங்கள் மருந்துகள் அனைத்தும், தலைவலி மாத்திரை உட்பட, அந்த ஒரே கடையில் வாங்கினால்தான் ஒன்றுக்கொன்று ஆகாத மருந்துகளை அங்கிருப்பவர் கண்டுபிடிக்க முடியும். ராமேஸ்வரம், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்கள் தீவுக்குள் ஒரு கடையையும், ராமநாதபுரத்தில் ஒரு கடையையும் வைத்துக்கொண்டால் தப்பில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை: பதிவு பெற்ற மருந்தாளுநர் உண்மையிலேயே கடையில் இருக்கிறாரா அல்லது சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிறதா? பிரிட்ஜுக்குள் வெப்பமானி இருக்கிறதா? கரண்ட் போனால் பிரிட்ஜ் இன்வெர்ட்டரில் ஓடுமா, விளக்கும் மின்விசிறியும் மட்டும் ஓடுமா? பிரிட்ஜுக்குள் மருந்தோடு தண்ணீர் பாட்டிலும் மதியச் சாப்பாடும் இருந்தால், கதவு நாளுக்கு எத்தனை தடவை திறந்து மூடப்படுகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2015ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை விதிகளின்படி மருந்தைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை. கேட்பதற்குத் தயங்க வேண்டாம். முகம் சுளிக்கும் கடை உங்களுக்கான கடை இல்லை.

பிறகு ஒரு ஒப்பந்தம் பேசுங்கள். விலை அதிகமான மருந்தை எந்தக் கடைக்காரரும் நம்பிக்கையில்லாமல் வரவழைத்து வைக்க மாட்டார், விற்காமல் நின்றுவிட்டால் நஷ்டம் அவருடையது. குளிர் மருந்தை ஸ்டாக்கிஸ்ட் பெரும்பாலும் திரும்ப எடுப்பதும் இல்லை. ஆகவே முன்பணமாக ஒரு பகுதி கொடுத்து, மாதாமாதம் இன்ன தேதிக்கு இத்தனை என்று சொல்லி வையுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணே, அம்மாவுக்கு ஊசி பதினெட்டாந் தேதி போடணும். எப்ப சொல்லட்டும்?"

"பத்துநாள் முன்னாடியே சொல்லிரும்மா. ஏஜென்சில இல்லேன்னா கம்பெனியில இருந்து வரணும். கடைசி நேரத்துல ஓடியாந்தா நான் என்ன செய்ய?"

அந்தப் பத்து நாள் கணக்கு முக்கியம். வீட்டில் பத்து நாள் மருந்து மிச்சமிருக்கும் நாள்தான் அடுத்த ஆர்டருக்கான கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். அட்டையில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் க்யூஆர் குறியீடு அச்சிடுவது கட்டாயம், செல்போனில் ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர் விவரம் தெரியும். "பாதி விலைக்குத் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் வரும் புற்றுநோய் ஊசியைத் தொடவே வேண்டாம். விலை உயர்ந்த ஊசிகளின் காலிக் குப்பிகளில் வேறு எதையோ நிரப்பி விற்ற கும்பல் 2024 மார்ச்சில் டெல்லியில் பிடிபட்டது. உங்கள் வீட்டுக் காலிக் குப்பியின் லேபிளைக் கிழித்துவிட்டே அப்புறப்படுத்துங்கள்.

படி 4: பணம்

முதல் டப்பாவை வாங்கும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும். கையிலிருந்து காசைக் கொடுத்துவிட்டு அப்புறம் அரசுத் திட்டத்தில் திரும்ப வாங்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பணமில்லாச் சிகிச்சைக்கானது. வெளியில் வாங்கிய மருந்து பில்லை நீட்டினால் கிடைக்காது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று மூன்றும் கையில் இருந்தால், கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். சந்தேகங்களுக்கு 1800 425 3993. சிகிச்சை எடுக்கும் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுக் கவுண்டரில், "இந்த மருந்து எந்தப் பேக்கேஜில் வரும், முன் அனுமதி எத்தனை நாள் ஆகும்?" என்று சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே கேளுங்கள்.

சில மருந்துகளுக்கு நீங்கள் கடைக்கே வர வேண்டியதில்லை. ரத்தம் உறையாத நோயான ஹீமோபிலியாவுக்கான ஃபேக்டர் ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான சோஃபோஸ்புவிர், டாக்ளாடாஸ்விர் மாத்திரைகள் 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். அரசு மருத்துவமனையில் சிறுநீரகம் மாற்றியவர்கள் தொடர் மருந்தை அங்கேயே கேட்டுப் பெறலாம். வயிற்று வழி டயாலிசிஸுக்கான பைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். ராமநாதபுரம் அரசு மருத்துவமனை மருத்துவக் கல்லூரியான பிறகு, மதுரைக்கு ஓடியே ஆக வேண்டும் என்ற நிலை ஓரளவு மாறியிருக்கிறது. ஆகவே முதலில் அங்கே கேட்டுவிட்டு, இல்லையென்றால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை, அதன் பிறகுதான் தனியார். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துதான் பலர் நகையை அடகு வைக்கிறார்கள்.

கடையில் வாங்கியே ஆக வேண்டுமென்றால், அட்டையில் போட்ட விலைதான் விலை என்று நினைக்காதீர்கள். கடைக்காரனான நானே சொல்கிறேன், புற்றுநோய் மருந்துகளில் பேரம் பேச இடம் இருக்கிறது. 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வியாபார லாபத்துக்கு 30 சதவீதம் என்று மத்திய விலை ஆணையம் உச்சவரம்பு வைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜிஎஸ்டி பெரும்பாலும் 5 சதவீதமாகக் குறைந்தது, உயிர்காக்கும் மருந்துகள் சிலவற்றுக்கு வரியே இல்லை. பழைய ஸ்டாக் அட்டையில் பழைய விலை இருந்தால் கேளுங்கள். மூலப்பெயரில் ஜெனரிக் கிடைக்கிறதா என்று மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் பார்க்கலாம். சில கம்பெனிகள் இத்தனை டப்பா வாங்கினால் இத்தனை இலவசம் என்று நோயாளிகளுக்கான உதவித் திட்டம் வைத்திருக்கின்றன. டாக்டரின் கையெழுத்து வேண்டும், கேட்டால்தான் சொல்வார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வளைகுடாவில் இருக்கும் மகன் அங்கிருந்தே மருந்து வாங்கி அனுப்புவது சாதாரணம். சாதாரண மாத்திரை என்றால் பரவாயில்லை. குளிரில் வைக்க வேண்டிய ஊசியைச் செக்-இன் பெட்டியில் போட்டு அனுப்புவது வீண். சரக்கறையில் உறைந்தும் போகலாம், ஓடுதளத்தில் வெந்தும் போகலாம். அந்தக் காசை அனுப்பச் சொல்லி இங்கே வாங்குங்கள்.

படி 5: மருந்தை ஊருக்குக் கொண்டுவருவது

இந்த வழிகாட்டியில் நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் படியைத்தான். மருந்து கெடுவது பெரும்பாலும் வழியில்தான், பல சமயம் கெட்டது வெளியே தெரியாது. நிறம் மாறாது, நாற்றம் வராது. ஊசி போட்டும் நோய் அடங்காதபோது "மருந்து கேக்கல" என்று டாக்டர் அளவைக் கூட்டுவார்.

இன்சுலின், எரித்ரோபோயட்டின், அடலிமுமாப் போன்ற ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். இதில் எட்டுக்கு மேலே போவதைப் பற்றித்தான் எல்லாருக்கும் பயம். உண்மையில் சுழியத்துக்குக் கீழே போவதுதான் அதைவிட மோசம். கொஞ்ச நேரம் வெளியில் இருந்ததைச் சில மருந்துகள் தாங்கும், எவ்வளவு நேரம் என்று பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கும். உறைந்துவிட்டால் திரும்ப இளகினாலும் அது மருந்து அல்ல, தூக்கிப் போட வேண்டியதுதான்.

நம் கரையில் ஐஸுக்கா பஞ்சம்? அதுவே வில்லங்கம். மீன் கம்பெனியிலிருந்து ஒரு தெர்மோகோல் பெட்டி, உடைத்த ஐஸ் ரெண்டு கை, நடுவில் இன்சுலின் பாட்டில். பாம்பன் பக்கத்து அக்கா ஒருவர் கடைக்கு வந்து பாட்டிலைக் காட்டினார். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின், பாட்டில் சுவரில் பனி படிந்த மாதிரி புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டிருந்தது. "நல்லா சில்லுன்னுதானே வச்சிருந்தேன் தம்பி?" அதுதான் பிரச்சினையே. ஐஸ் மருந்தைத் தொடக் கூடாது.

சரியான முறை இது. ஜெல் பேக்கை பிரீசரிலிருந்து எடுத்து, மேலே படிந்த வெண்பனி கரைந்து வியர்க்கும் வரை வெளியில் வையுங்கள். பழைய வேட்டித் துணியிலோ செய்தித்தாளிலோ நன்றாகச் சுற்றுங்கள். தெர்மோகோல் பெட்டியில் ஓரங்களில் அடுக்கி, நடுவில் மருந்தை அதன் அட்டைப் பெட்டியோடும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளும் வையுங்கள். மூடியை டேப் போட்டு ஒட்டி, வழியில் திறந்து பார்க்காமல் வாருங்கள். சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்று உள்ளே போட்டால் இன்னும் நல்லது, சில நூறு ரூபாய்தான்.

மண்பானை, ஈரத்துணிப் பை இதெல்லாம் மதுரையின் வறண்ட வெயிலில் ஓரளவு வேலை செய்யும். தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி வருகிறது. கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் இங்கே அது பாதிகூட குளிராது. மண்டபத்துக்குக் கிழக்கே அதை நம்பாதீர்கள்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர், பஸ்ஸில் நாலு மணி நேரம். பஸ் பார்சலில் மருந்து அனுப்பச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரைவர் நல்லெண்ணத்தில் "மருந்துங்க, பத்திரமா இருக்கட்டும்" என்று தன் பக்கத்தில் வைப்பார். பல வண்டிகளில் அந்த இடம் இன்ஜின் மூடி. கால் வைத்தால் சுடும். பெட்டியின் மேல் "இன்ஜின் மேல் வைக்காதீர்" என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். இரவு வண்டியிலோ விடியற்காலை வண்டியிலோ அனுப்பச் சொல்லி, வண்டி வரும்போது நிறுத்தத்தில் ஆள் இருக்க வேண்டும். கையோடு கொண்டுவந்தால் மடியில். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மூடிய காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும்.

படி 6: வீட்டுப் பிரிட்ஜும் வீட்டு ஈரமும்

ஒற்றைக் கதவுப் பழைய பிரிட்ஜில் பிரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டில் வைத்தால் மருந்து உறையும். கதவில் வைத்தால் திறக்கத் திறக்கச் சூடாகும். நடுத் தட்டு, பின்சுவரைத் தொடாமல், மூடியுள்ள டப்பாவுக்குள். டப்பா மேல் நோயாளி பெயர். மீன் டப்பாவும் மருந்து டப்பாவும் ஒரே மாதிரி இருக்க வேண்டாம். பிரீசரில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் இரண்டு மூன்று எப்போதும் இருந்தால், கரண்ட் போனாலும் உள்ளே குளிர் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். கரண்ட் இல்லாதபோது கதவைத் திறக்கவே கூடாது.

திறந்த இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் 28 நாள்தான். திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதுங்கள். அறைச் சூட்டில் வைக்கலாம் என்று தாளில் போட்டிருப்பது 30 டிகிரிக்குள் உள்ள அறையை. சித்திரை வைகாசியில் நம் ஓட்டு வீடு அதற்குள் நிற்காது.

மாத்திரைகளுக்கு இங்கே எதிரி ஈரம். டாக்ரோலிமஸ் காப்ஸ்யூலை அதன் அலுமினிய உறையிலிருந்து எடுத்து டப்பாவில் கொட்டி வைக்கக் கூடாது. வலிப்புக்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட் ஈரத்தை இழுக்கும், சாப்பிடும் நிமிடத்தில்தான் அட்டையைப் பிரிக்க வேண்டும். நாக்கடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை அதன் கண்ணாடிப் பாட்டிலிலேயே. ஏழு நாள் கட்டம் போட்ட டப்பாக்கள் பார்க்க அழகு, இந்த மூன்றுக்கும் அது ஆகாது.

புற்றுநோய் மாத்திரையை உடைக்கவோ நசுக்கவோ வேண்டாம், எடுத்துக் கொடுப்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். கர்ப்பிணி யாரும் தொடவே கூடாது.

படி 7: நேரம், சாப்பாடு, நோன்பு, கடல்

12 மணி நேர இடைவெளி என்றால் காலை 8, இரவு 8. அதைக் காலை 6, மாலை 6 என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், வைத்துக்கொள்ளலாம், ஆனால் தினமும் அதேதான். படகில் தங்கி மறுநாள் காலை திரும்புகிறவர்கள் கடலில் எந்த வேளை வரும் என்று பார்த்து நேரத்தை முதலிலேயே டாக்டரோடு பேசி அமையுங்கள். இரண்டு வேளைக்கு வேண்டியதைக் கூடுதலாக நீர் புகாத டப்பாவில் எடுத்துப் போங்கள். வலிப்பு நோய் இருப்பவர் கடலுக்குப் போகலாமா என்பது தனிக் கேள்வி. என்னைக் கேட்டால், டாக்டர் எழுத்தில் சம்மதிக்கும்வரை வேண்டாம்.

நோன்பு மாதம் வந்தால் என் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "சஹருக்கு ஒண்ணு, நோன்பு திறக்கிறப்ப ஒண்ணு, சரிதானே?" பல மருந்துக்குச் சரி. 12 மணி நேர மருந்துக்குச் சரியாகாது. சஹர் எனும் விடியலுக்கு முந்தைய உணவிலிருந்து நோன்பு திறக்கும்வரை பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, மறுபக்கம் பத்துப் பதினொன்றுதான். தண்ணீரும் இல்லாமல் வெயிலில் சிறுநீரகம் வாடும். நாளுக்கு ஒரு முறை போதும் என்ற வடிவத்திலும் டாக்ரோலிமஸ் இருக்கிறது, மாற்றுவது டாக்டரின் முடிவு. நோன்புக்கு ஒரு மாதம் முன்பே போய்க் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது என்பதை ஆலிம்களும் சொல்வார்கள்.

சாப்பாட்டோடு எடுக்க வேண்டியதும் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியதும் மாறிப் போகக் கூடாது. புற்றுநோய் மாத்திரைகளில் இமாடினிப் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரோடு. கேபசிடபின் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள். அபிராடெரோன் வெறும் வயிற்றில் மட்டும், சாப்பாட்டோடு எடுத்தால் அளவுக்கு மீறி உடம்பில் ஏறும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு எவ்வளவோ அவ்வளவையே மாற்றமில்லாமல் சாப்பிட வேண்டும். ஒரு வாரம் கீரையே இல்லாமல் அடுத்த வாரம் தினமும் என்றால் ரத்தப் பரிசோதனை முடிவு தாறுமாறாகும். டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள் பம்பளிமாஸ் பழத்தைத் தொடக் கூடாது.

உறுப்பு மாற்றியவர்களும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஊசி போடுபவர்களும் நண்டு, மட்டி, இறால் எல்லாம் நன்றாக வெந்த பிறகுதான் சாப்பிட வேண்டும். காலில் திறந்த புண்ணோடு கடலில் இறங்கக் கூடாது. ராமேஸ்வரத்துக்கு வரும் சொந்தக்காரர்களோடு அக்னி தீர்த்தத்திலும் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராட ஆசைப்பட்டால், உடம்பில் குழாயோ ஆறாத தையலோ இருப்பவர்கள் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று, வலி மாத்திரை. வலை இழுத்து முதுகு பிடித்துக்கொண்டால் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வது நம் கரையின் பழக்கம். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவரும், வார்ஃபரின், மனநோய்க்கான லித்தியம், மீதோட்ரெக்சேட் எடுப்பவரும் டாக்டரைக் கேட்காமல் அதைப் போட்டுக்கொண்டால் ஆபத்து. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸையும் வார்ஃபரினையும் வலுவிழக்கச் செய்யும். புதிதாக எந்த மருந்து எழுதினாலும், சித்த மருந்து, லேகியம் உட்பட, அந்த ஒரு பக்கத் தாளைக் காட்டுங்கள்.

படி 8: ரத்தப் பரிசோதனையும் அபாய அறிகுறிகளும்

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கக் காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போனால் தவறான எண் வரும், தவறான எண்ணுக்கு டாக்டர் மருந்தை மாற்றுவார். மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த கையோடு விழுங்குங்கள். உள்ளூர் ஆய்வகம் மாதிரியை வெளியூருக்கு அனுப்புகிறதென்றால் முடிவு எந்த நாள் வரும் என்று கேட்டு, டாக்டரைப் பார்க்கும் நாளுக்குப் பொருந்துமாறு கொடுங்கள். அடலிமுமாப் போன்ற உயிரியல் ஊசிகள் ஆரம்பிக்கும் முன் காசநோயும் ஹெபடைடிஸ் பி-யும் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் கேளுங்கள்.

ஏர்வாடி பக்கம் மனநோய்க்குத் தொடர் மருந்து எடுப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இரண்டு விஷயம். க்ளோசபின் ஆரம்பித்தால் முதல் 18 வாரங்கள் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால் "வெயில் சூடு" என்று விடாமல் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி, பேதி, கடும் வியர்வை வந்தால் ரத்தத்தில் அளவு கூடிவிடும். கை நடுக்கம் அதிகமாவது, தள்ளாடுவது, பேச்சு குழறுவது எல்லாம் 108ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்.

மற்றவர்களுக்கும் பொதுவாக: எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து அல்லது கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது. வார்ஃபரின் எடுப்பவருக்குக் கறுப்பு மலம், நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடி. இவற்றுக்கு நேரம் பார்க்காமல் மருத்துவமனை.

படி 9: மழைக்காலம்

ஐப்பசி பிறந்தால் கூடுதலாக இரண்டு வார மருந்து வீட்டில் இருக்க வேண்டும். 2018இல் கஜா, 2020 டிசம்பரில் புரெவி என்று பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினாலே ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகும் புயல் எச்சரிக்கை வந்தால் தீவுக்குள் எதுவும் நேரத்துக்கு வராது. எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் ஜெல் பேக்குகளை பிரீசரில் போடுங்கள். நிவாரண முகாமுக்குப் போக வேண்டி வந்தால் மருந்துப் பெட்டி, ஒரு பக்கத் தாள், காப்பீட்டு அட்டை மூன்றும் ஒரே பையில். முகாமுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் முதல் நாளே குளிர் மருந்து இருப்பதைச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரிட்ஜில் வைக்கக் கேளுங்கள்.

கூடுதல் இருப்பு என்றால் மூன்று மாதத்துக்கு அள்ளிக் குவிப்பது இல்லை. டாக்டர் அளவை மாற்றினால் அத்தனையும் வீண்.

படி 10: மிச்சமும் குப்பையும்

ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் கேனில் போட்டு, முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி, மருத்துவமனைக் கழிவோடு சேர்க்கக் கொடுங்கள். கடற்கரை மணலிலும் ஓடையிலும் எறியாதீர்கள், பிள்ளைகளும் வலை பின்னுபவர்களும் வெறுங்காலோடு நடக்கும் இடம் அது. புற்றுநோய் மாத்திரைகளைக் கழிவறையில் கொட்ட வேண்டாம், மருத்துவமனையின் மருந்தகத்தில் ஒப்படையுங்கள்.

மருந்து மாறிப்போனதாலோ, நோயாளி தவறிவிட்டதாலோ பிரிக்காத டப்பாக்கள் மிஞ்சும். அவற்றைப் பக்கத்து ஊரில் அதே நோய் உள்ளவருக்குக் கொடுத்துவிடலாமே என்று மனசு சொல்லும். மாத்திரை என்றால் காலாவதித் தேதியும் உறையும் சரியாக இருந்தால் சிகிச்சை தந்த மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள், அவர்கள் பரிசோதித்து வாங்குவதானால் வாங்கட்டும். குளிர் ஊசியை யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் பிரிட்ஜில் அது எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும், போட்டுக்கொள்பவருக்குத் தெரியாது.